அட்டையில் எல்லாமே இருக்கிறது, ஆனால் கண் எங்கேயும் நிற்கவில்லை

முதலிதழ் எழுதியது:

வணக்கம். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து சூழலியலுக்காக ஒரு காலாண்டிதழ் தொடங்குகிறோம். ஏ4 அளவு, 48 பக்கம், சென்டர் பின் (தாள்களை மடித்து நடு மடிப்பில் பின் அடிப்பது). மற்ற நால்வரும் எழுதுகிறார்கள், வடிவமைப்பு முழுக்க என் பொறுப்பு. சுவரொட்டிகள் நிறைய செய்திருக்கிறேன். இதழ் இதுதான் முதல் தடவை.

அட்டைக்கு ஒரு மீன்கொத்திப் படம் கிடைத்தது. கிளையில் உட்கார்ந்திருக்கிறது, பின்னால் ஒரே இலைகள். அதன்மேல் இதழின் பெயர், எட்டுக் கட்டுரைத் தலைப்புகள், எழுதியவர்களின் வட்டப் படங்கள் எல்லாம் வைத்தேன். இலைகளுக்கு நடுவே தலைப்புகளைப் படிக்க முடியவில்லை என்று நிழல் கொடுத்தேன். அப்புறமும் தெரியாததால் மஞ்சள் பட்டை போட்டேன். மாதிரிப் பிரதியை மேஜையில் வைத்தால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள், ஒருவரும் கையில் எடுக்கவில்லை.

உள்பக்கங்கள் மூன்று காலம், அதாவது எழுத்து நெடுக்காக மூன்று பட்டிகளாக ஓடும். எழுத்து 10 பாயிண்ட், லீடிங் (ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு உள்ள தூரம்) 12. இரண்டு ஓரமும் நேராக வரும்படி ஜஸ்டிஃபை செய்திருக்கிறேன். சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, பக்கம் மொத்தமும் நெரிசலாகத் தெரிகிறது. மூன்று வாரத்தில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எதிலிருந்து தொடங்கட்டும்?

பக்கம்கட்டி எழுதியது:

இருபத்திரண்டு வருடமாக இதழ்களுக்குப் பக்கம் கட்டுகிறேன். உங்கள் அட்டையில் இருக்கும் ஒவ்வொன்றையும் நானும் ஒரு காலத்தில் வைத்திருக்கிறேன், அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

என் முதல் அட்டையில் பதினொரு தலைப்புகள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, ஒவ்வொரு தலைப்பாக மூடிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: "இப்போ என்ன குறைஞ்சுது?" ஒன்பதாவது வரைக்கும் என்னிடம் பதில் இல்லை. பத்தாவதை மூடியபோது வேண்டாம், அது இருக்கட்டும் என்று கையைப் பிடித்தேன். அந்த ஒன்றைத்தான் பெரிதாகப் போட்டோம். இன்றைக்கும் ஒவ்வோர் அட்டைக்கும் அந்தத் தாள் சோதனையைச் செய்கிறேன். இன்று ராத்திரியே நீங்களும் செய்து பாருங்கள்.

உங்கள் எட்டில் எது இந்த இதழை எடுக்க வைக்கும்? அதை மட்டும் பெரிதாக வையுங்கள். வேண்டுமானால் இன்னும் இரண்டு, சிறிதாக, கீழே ஒரே இடத்தில். மற்ற ஐந்துக்கும் உள்ளடக்கப் பக்கம் இருக்கிறது. 1968 ஏப்ரலில் எஸ்குவயர் என்ற அமெரிக்க இதழுக்கு வடிவமைப்பாளர் ஜார்ஜ் லோயிஸ் செய்த அட்டையைத் தேடிப் பாருங்கள். வெறும் வெள்ளைப் பின்னணி, உடம்பில் அம்புகள் தைத்தபடி நிற்கும் குத்துச்சண்டை வீரர் முகமது அலி, ஓரத்தில் ஒரு வரி. போருக்குப் போக மறுத்ததற்காக அவருடைய பட்டம் பறிக்கப்பட்டிருந்த நேரம் அது. உள்ளே எத்தனையோ கட்டுரைகள் இருந்திருக்கும், ஆனால் அட்டை ஒன்றைத்தான் சொன்னது.

அடுத்து படம். நல்ல படம் வேறு, அட்டைப்படம் வேறு. அட்டைப்படத்தில் எழுத்துக்கென்று அமைதியான ஒரு இடம் இருக்க வேண்டும். நீங்கள் நிழல் போட வேண்டி வந்ததே, அந்த இடத்தில் படம் எழுத்துக்கு வழிவிடவில்லை என்பதற்கு அடையாளம். நிழலும் பட்டையும் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. எழுத்தை நகர்த்துங்கள், அல்லது படத்தை வேறு மாதிரி வெட்டுங்கள். அதே பறவையை மேலே வானமோ கீழே தண்ணீரோ அகலமாகத் தெரியும்படி எடுத்த படம் இருக்கிறதா என்று எடுத்தவரிடம் கேளுங்கள். பறவை வலது பக்கம் பார்த்தால் எனக்குப் பிடிக்கும், இதழ் திறக்கிற பக்கம் அதுதான். ஆனால் அதற்காகப் படத்தைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள், பறவைகளைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதழின் பெயரைப் பறவையின் தலை மறைக்கிற மாதிரி வைக்கவும் ஆசை வரும். டைம் இதழ் அப்படிச் செய்யலாம், 1927இலிருந்து அந்தச் சிவப்பு ஓரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பாதிப் பெயர் போதும். உங்கள் பெயரை இப்போதுதான் முதன்முதலாகப் படிக்கப்போகிறார்கள். ஓர் எழுத்தைக்கூட மறைக்காதீர்கள்.

இனி உள்பக்கம். எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்வது இங்கேதான். ஆங்கில இதழ்களுக்காகச் சொன்ன அளவுகளை அப்படியே தமிழுக்கு எடுத்துவந்தால் பக்கம் மூச்சுத்திணறும். நம் எழுத்தில் கி, கீ மேலே சுழிக்கும். மு, மூ, ழு கீழே இறங்கும். 10க்கு 12 வைத்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். நீங்கள் சொல்கிற நெரிசல் அதுதான். லீடிங்கை 15 ஆக்குங்கள். அந்த 15ஐயே பேஸ்லைன் கிரிட்டாக (எல்லா வரிகளும் உட்காரும் சம இடைவெளிக் கோடுகளாக) வைத்து, தலைப்புகளுக்கு 30, 45 என்று மடங்கில் இடம் விட்டால் பக்கத்துப் பக்கத்துக் காலங்களில் வரிகள் ஒரே மட்டத்தில் உட்காரும். வாசகருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பக்கம் அமைதியாக இருக்கும்.

ஓட்டைகளுக்குக் காரணம் காலத்தின் அகலம். உள்ளோரம் 18, வெளியோரம் 15 மில்லிமீட்டர் விட்டு, காலங்களுக்கு நடுவே 5 விட்டால் மூன்று காலத்தில் ஒவ்வொன்றும் 56 மில்லிமீட்டருக்குள் வரும். "பாதுகாக்கப்படவேண்டியிருக்கிறது" என்பது நமக்கு ஒரே சொல். அது வந்தால் அந்த வரியில் வேறென்ன நிற்கும்? இரண்டு காலமாக்கினால் 86 கிடைக்கும், ஜஸ்டிஃபை தாங்கும். பெட்டிச் செய்திகளுக்கும் படக் குறிப்புகளுக்கும் இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். சொல்லை உடைக்க வேண்டி வந்தால், அடுத்த வரி ஒற்றெழுத்தில் தொடங்காமல் கையால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். க் என்றோ ற் என்றோ தொடங்கும் வரியைப் பார்த்தால் எனக்கு அந்தப் பக்கத்தையே திரும்பச் செய்யத் தோன்றும்.

இடத்தில் அடங்கவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள். வரியை நிரப்ப டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை) கூட்டவும் செய்யாதீர்கள். மெ என்பதில் கொம்பு தனியே விலகிப் போகும். போல்டு இல்லாத ஃபாண்டுக்கு வெளிக்கோடு போட்டுத் தடிமனாக்கினால் ண, ஞ சுழிகள் அடைத்துக்கொள்ளும். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை, ஆகவே அளவு, தடிமன், இடைவெளி இந்த மூன்றை வைத்துத்தான் எது முக்கியம் என்று காட்ட முடியும். தடிமன்கள் பல உள்ள எழுத்துருவாக எடுங்கள். முக்தா மலர், கேட்டமரன் இரண்டும் இலவசம், தலைப்புக்கு நன்றாக இருக்கும். உடலெழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் வைத்துப் பாருங்கள். இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் முதல் இதழில் வேண்டாம். இன்டிசைன் மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி வந்தால், பாராகிராஃப் மெனுவில் வேர்ல்டு ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

நாலுவண்ணம் எழுதியது:

அண்ணன் சொன்னதற்கு மேல் வடிவமைப்பில் சேர்க்க ஒன்றுமில்லை. நான் அச்சுக்கு முந்தைய வேலை பார்ப்பவள், என் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

மீன்கொத்தி நீலத்தைப் பற்றி இப்போதே எச்சரிக்கிறேன். திரையில் மின்னுகிற அந்த நீலம் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் ஆனது. அச்சின் நான்கு மைகளால் அதை எட்ட முடியாது, மங்கித்தான் வரும். சிஎம்ஒய்கேக்கு (அந்த நான்கு மைகளின் நிறமுறைக்கு) மாற்றிப் பார்த்துவிட்டு அட்டையின் மற்ற நிறங்களை முடிவு செய்யுங்கள். பக்கத்தில் ஆரஞ்சோ மணல் நிறமோ இருந்தால் மங்கின நீலமும் எடுப்பாகத் தெரியும். பச்சை இலைகளுக்கு நடுவே அமுங்கிவிடும். அச்சு ப்ரூஃப் (மாதிரி அச்சு) பார்க்காமல் சம்மதம் சொல்லாதீர்கள்.

நான்கு ஓரமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் அட்டை 216க்கு 303 மில்லிமீட்டர். 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 2,551க்கு 3,579 பிக்ஸல் வேண்டும். படத்தை வெட்டிய பிறகு எண்ணுங்கள், முன்னால் அல்ல. உடலெழுத்து கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். நான்கு மையும் கலந்த கறுப்பு சின்ன எழுத்தில் கொஞ்சம் விலகினாலும் நிழல் விழும்.

சென்டர் பின் என்பதால் உள்தாள்கள் வெளியே துருத்தும், வெட்டும்போது நடுப்பக்கங்களில் கூடுதலாகப் போகும். பக்க எண்ணை ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் போட ஆசை இருந்தால் 24, 25இல் போடுங்கள். உள்பக்கங்களில் அங்கே மட்டும்தான் இரண்டும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் அச்சாகும். மற்ற இடங்களில் மடிப்பில் முகமோ எழுத்தோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலிதழ் எழுதியது:

இருவருக்கும் நன்றி. தாள் சோதனை செய்தேன். ஏழாவது தலைப்பு வரைக்கும் ஒன்றும் குறையவில்லை! வட்டப் படங்களையும் எடுத்துவிட்டேன். எழுதிய நண்பர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னொரு சிக்கல். லீடிங் 15, இரண்டு காலம் என்று மாற்றியதும் ஆறு பக்கம் கூடுதலாகிவிட்டது. 13.5க்கு இறங்கினால் கிட்டத்தட்ட அடங்குகிறது. இறங்கலாமா அண்ணா?

பக்கம்கட்டி எழுதியது:

இறங்காதீர்கள். சென்டர் பின்னில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், 52க்குப் போங்கள். மீதி இரண்டு பக்கத்தை எழுத்திலிருந்து வெட்ட வேண்டும், அதை எழுதியவர்களோடு உட்கார்ந்து செய்யுங்கள். பெரும்பாலும் முதல் பத்தியில்தான் வெட்ட இடம் கிடைக்கும், கட்டுரை இரண்டாவது பத்தியில்தானே தொடங்கும்.

வருத்தப்படும் நண்பர்களுக்கு உள்ளடக்கப் பக்கத்தை முழுப் பக்கமாகக் கொடுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு நல்ல வரி, எழுதியவர் பெயர் தடித்த எழுத்தில். 52ஆக மாறினால் நடுப்பக்கம் 26, 27 ஆகிவிடும். அங்கே படம் வைத்திருந்தால் மறக்காமல் நகர்த்துங்கள்.