வாடியில் களவு: பவுடர் பூசியும் கள்ளன் இல்லை, விரலடையாளம் எதற்கு?

உப்புவெளியான்:
போன கிழமை இரவு எங்கள் மாமாவின் மீன்வாடியில் இருந்த போட் என்ஜினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொலிஸ் வந்து தூரிகையால் கறுப்புப் பவுடர் பூசிப் பார்த்தது. கதவில் இல்லை, கயிற்றில் இல்லை. மண்ணெண்ணெய்க் கானில் ஒன்றே ஒன்று கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் அது மாமாவோடு தொழிலுக்குப் போகிற பையனுடையது. விரலடையாளம் சினிமாவுக்குத்தான் சரி என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் வாருங்கள்.

கோணமலை:
இதில் மறுக்க என்ன இருக்கிறது? ஆள் அகப்பட்டுவிட்டான். இரட்டைப் பிள்ளைகளுக்கே ரேகை வேறு வேறு. கருவில் மூன்றாம் நாலாம் மாதத்தில் விழுந்த கோடு சாகும்வரை மாறாது. அந்தப் பையனைப் பிடித்து விசாரியுங்கள்.

லாப் டீச்சர்:
கோணமலை அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். தினமும் அந்தக் கானைத் தூக்குகிற பையனின் விரல் அதில் இல்லாவிட்டால்தான் அதிசயம். பதிந்த விரல் ‘தொட்டான்’ என்று சொல்லும், எப்போது தொட்டான் என்று சொல்லாது. பதிவின் வயதை நம்பிக்கையாகக் கணிக்க இன்றுவரை வழி இல்லை.

உப்புவெளியான் தம்பிக்கு: விரல் நுனியில் இருப்பது வியர்வைச் சுரப்பி மட்டும்தான். எண்ணெய்ப் பசை, முகத்தையும் தலையையும் தொடும்போது ஒட்டிக்கொள்வது. தண்ணீர், உப்பு, அமினோ அமிலம், அந்த எண்ணெய் எல்லாம் கலந்துதான் கோடு கோடாகப் படிகிறது. பவுடர் அந்த ஈரப்பசையில் ஒட்டும். அதற்கு வழுவழுப்பான இடம் வேண்டும். கயிற்றில் கோடு தொடர்ச்சியாக விழாது. கதவுத் தகரமோ பகல் முழுக்கக் கச்சான் காற்றுக்கால வெயிலில் கொதித்திருக்கும். பசை காய்ந்துவிட்டால் பவுடருக்குப் பிடிமானம் ஏது?

ஆனால் பவுடர் ஒன்றுதான் வழி என்று இல்லை. கடதாசி என்றால் நின்ஹைட்ரின் என்ற இரசாயனத்தைப் பூசுவார்கள். அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறம் வரும் (என் மாணவர்கள் வாயைப் பிளந்து பார்க்கிற கட்டம் இது). கடதாசி நனைந்திருந்தால் அமினோ அமிலம் கரைந்து போயிருக்கும், அப்போது எஞ்சிய கொழுப்பைத் தேடுகிற வேறு கரைசல் உண்டு. பொலித்தீன், பிளாஸ்டிக் என்றால் மூடிய பெட்டிக்குள் சூப்பர் குளூவைச் சூடாக்கி ஆவி பிடிக்க வைப்பார்கள். கோடுகள் வெள்ளை வெள்ளையாகக் கெட்டிப்பட்டுத் தெரியும்.

உப்புவெளியான்:
சரி டீச்சர், இதற்குப் பதில் சொல்லுங்கள். என் அம்மா உப்பளத்தில் வேலை செய்தவர். ஓர் அலுவலகத்தில் மெஷினில் ஏழு தரம் பெருவிரலை வைத்தும் ஏற்கவில்லை. கடைசியில் அங்கிருந்தவர், “அம்மா, உங்களுக்கு ரேகையே இல்லை” என்றார். சாகும்வரை மாறாத கோடு எங்கே போனது?

லாப் டீச்சர்:
தேய்ந்தது மேல்தோல்தான். கோட்டின் அச்சு அதற்கு அடியில் இருக்கிறது. வேலையை விட்டுச் சில கிழமை இருந்தால் பெரும்பாலும் திரும்பி வரும், வயது ஏற ஏற மங்கலாக வரும். மெஷினால் வாசிக்க முடியவில்லை என்பதும் ரேகை இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்த ஆள் அப்படிச் சொன்னது பிழை.

கிண்ணியா நானா:
எந்த இடத்தில் பதிந்தது என்பதுதான் முழு விஷயமும். 1905இல் லண்டனில் ஒரு கடைக்காரரையும் மனைவியையும் கொன்ற வழக்கில் ஸ்ட்ராட்டன் சகோதரர்கள் தூக்குக்குப் போனது, காசுப்பெட்டியின் உள்தட்டில் இருந்த ஒரு பெருவிரலால். வெளி ஆள் அந்த உள்தட்டைத் தொட வேலையே இல்லை. அப்புறம் இன்னொன்று: விரலடையாளங்களை வகை பிரிக்க அப்போது பாவித்த ‘ஹென்றி முறை’யை உண்மையில் கல்கத்தாவில் உருவாக்கியவர்கள் அசீசுல் ஹக்கும் ஹேம் சந்திர போசும். 1024 அறைகளாகப் பிரித்த அந்தக் கணக்கு ஹக்குடையது. பெயர் மட்டும் மேலதிகாரி ஹென்றிக்கு. எங்கும் இதே கதைதான்.

கோணமலை:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! விரல் பிழைக்காது.

நீதிமன்ற வாசல்:
விரல் பிழைக்காது அண்ணை, பார்க்கிற கண் பிழைக்கும். 2004 மட்ரிட் குண்டுவெடிப்பில், வெடிக்கருவி இருந்த பிளாஸ்டிக் பையில் கிடைத்த பதிவு பிராண்டன் மேபீல்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞருடையது என்று எப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். நீதிமன்றம் நியமித்த நிபுணரும் ஆமாம் போட்டார். ஸ்பெயின் பொலிஸ் தேடிப் பார்த்தால் அது ஓர் அல்ஜீரியக்காரருடையது. மனிதர் இரண்டு கிழமை உள்ளே இருந்தார். பிறகு எப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. களவிடத்தில் கிடைப்பது பாதி விரல், உராய்ந்த விரல். கணினி தருவது கிட்டத்தட்ட ஒத்துப்போகிறவர்களின் பட்டியல்தான், முடிவு மனிதருடையது. எங்கள் இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவும் இதை நிபுணரின் அபிப்பிராயம் என்றுதான் எடுக்கிறது.

கோணமலை:
ஒரு வழக்கை வைத்து நூறு வருடத்தை அழிக்கப் பார்க்கிறீர்கள். ஆனாலும் அந்தப் பையன் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கிண்ணியா நானா:
தம்பி, என்ஜினை மாமா எதனாலும் மூடி வைத்திருந்தாரா?

உப்புவெளியான்:
ஓம் நானா, பெரிய பொலித்தீன் உறை. கள்ளன் அவிழ்த்து எறிந்துவிட்டுப் போயிருக்கிறான். பொலிஸ் வந்தபோது அது வலைக் குவியலுக்குப் பின்னால் கிடந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை.

லாப் டீச்சர்:
அதுதான் உங்கள் உள்தட்டு! யாரும் தொட வேண்டாம். ஓரத்தில் மட்டும் பிடித்து, எதிலும் உரசாதபடி ஒரு பெட்டிக்குள் தொங்கவிட்டு, உடனே பொலிசுக்குச் சொல்லுங்கள்.

உப்புவெளியான்:
இப்போதுதான் மாமாவுக்குப் போன் போட்டேன். மாமி நேற்றே அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கருவாடு மூடப் போட்டுவிட்டாவாம்.