எம்.டி.எம். என்பதற்குச் 'சாதன மேலாண்மை' போதுமா?

நண்பர்களே, வணக்கம்.

எம்.டி.எம். (Mobile Device Management), அதாவது ஊழியர்களின் கணினி, ஃபோன்களை அலுவலகம் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்தும் முறைக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையில் பலருக்கும் 'சாதன மேலாண்மை' பிடித்திருக்கிறது. எனக்கு ஒரு தயக்கம். அப்படிக் கட்டுப்படுத்தப்படும் கணினியை 'மேலாண்மைக் கணினி' என்று எழுதினால் மேலாளருடைய கணினி என்றல்லவா படிப்பார்கள்? நாம் சொல்ல வருவது, நம் வீட்டு மேசையில் இருந்துகொண்டே அலுவலகத்தின் பிடியில் இருக்கும் கணினியை.

பிடி என்றால் சாதாரணப் பிடி இல்லை. இங்கே கே.ஆர்.புரத்தில் எங்கள் அடுக்ககத்துக்காரர் ஒருவர் வேலையை விட்டார். அன்று மாலையே மடிக்கணினி தானாக அணைந்து, புதிதாக வாங்கியதுபோல் எழுந்து நின்றது. டவுன்லோட்ஸில் போட்டு வைத்திருந்த மகளின் ஆதார் ஸ்கேன், வாடகை ஒப்பந்தம், பள்ளி விழாப் படங்கள் எல்லாம் போயே போச்சு. சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இதுவும் இருந்ததாம்.

அழிப்பதாவது கண்ணுக்குத் தெரியும், பார்ப்பது தெரியாது. எந்தத் தளத்தை நம்பலாம் என்று கணினி முடிவுசெய்ய உதவும் மூலச் சான்றிதழாக (root certificate) நிறுவனம் தன்னுடையதைப் பதித்துவிட்டால், மறையாக்கம் (encryption) செய்த பக்கத்தையும் வழியில் பிரித்துப் படித்து, மறுபடி மூடி அனுப்ப முடியும். பிரௌசரில் சான்றிதழ் விவரத்தைத் திறந்து, வழங்கியவர் யார் என்று பாருங்கள். அங்கே உங்கள் அலுவலகத்தின் பெயர் இருந்தால் சங்கதி அதுதான்.

அதற்காக 'ஒற்றுநிரல்' (spyware) என்று வைப்பதா? ஆசையாகத்தான் இருக்கிறது. வினைசெய்வாரையும் சுற்றத்தையும் சேர்த்தே ஆராய்வது ஒற்று என்கிறது குறள். வீட்டில் எல்லாரும் தொடும் கணினிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. ஆனால் ஒற்று ஒளிந்திருப்பது. இதுவோ விண்டோஸ், மேக் இரண்டிலும் அமைப்புகள் பக்கத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்கிறது. 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வேலை தொடர்பான நோக்கங்களுக்குத் தனி ஒப்புதல் கேட்காமலே ஊழியரின் தரவைக் கையாள 7ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. கதவைத் தட்டி உரிமையோடு உள்ளே வருகிறவரை ஒற்றர் என்றால் எடுபடாது.

என் முன்மொழிவு: தொலையாளுகை. தொலையாளப்படும் மடிக்கணினி, தொலையழிப்பு என்று வரிசையாகச் சொற்கள் கிளைக்கும். 'தொலைந்து போ' நினைவுக்கு வருமே என்பவர்களுக்கு: தொலைபேசியைப் பார்த்து யாரும் அப்படிப் பயப்படவில்லை.

அப்புறம், சொந்த ஆண்ட்ராய்டு ஃபோனில் அலுவலகச் செயலிகளுக்கு மட்டும் தனிப் பகுதி ஒதுக்கி, அதை மட்டும் அழிக்கும் வசதி உண்டல்லவா? 'பகுதித் தொலையாளுகை' நாக்கைச் சுற்றுகிறது. சுருக்கமாக யாராவது சொல்லுங்களேன்.