பைக்கின் சஸ்பென்ஷனை இறக்கிய பிறகு உங்களுக்கு என்ன நேர்ந்தது?

மழைத்துளி

மூன்று வாரமாகிறது, அந்த வளைவு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. என் உயரம் 152 செ.மீ. கால் எட்டாததால் பின்பக்கத்துக்கு மட்டும் லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனை இணைக்கும் பட்டைக்குப் பதிலாகப் போடும், வண்டியைத் தாழ்த்தும் பட்டை) போட்டேன். 30 மி.மீ. இறங்கியது. முன்பக்கத்தைத் தொடவில்லை. முதல் தடவையாக இரண்டு பாதமும் தரையில் பதிந்தபோது கண் கலங்கிவிட்டது. ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை.

மலைப்பாதையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வளைவு. வழக்கமான வேகம்தான். சாய்த்தேன், பைக் சாய்ந்தது, ஆனால் திரும்பவில்லை. நடுக்கோட்டைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. எதிரே லாரி. அதன் பம்பரில் கட்டியிருந்த நைலான் கயிற்றின் முடிச்சு வரைக்கும் எனக்குத் தெரிந்தது. உள்பக்கக் கைப்பிடியை இருந்த பலமெல்லாம் கொடுத்து அழுத்திய பிறகுதான் என் பாதைக்குள் வந்தது. ஹேண்டில் கனமாக, யாரோ பிடித்து நிறுத்துவதுபோல இருந்தது. லிங்க் போட்டதால்தானா இது? வேறு யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

ஒற்றையடி

எனக்கு ஓடும்போது அல்ல, நிற்கும்போது நேர்ந்தது. முன்னும் பின்னும் 25 மி.மீ. இறக்கினோம், சைட் ஸ்டாண்டை மறந்துவிட்டோம். பைக் தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டின் நீளம் மட்டும் அப்படியே. ஆகவே வண்டி சாயாமல் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன், மெல்லிய காற்று, எதிர்ப்பக்கமாகச் சரிந்தது. அந்தப் பக்கத்தில் என் மகள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். டேங்க் அவள் தோளை உரசிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே ஸ்டாண்டை வெட்டிச் சுருக்கி வெல்டிங் வைத்தாயிற்று. ஆனாலும் இன்றுவரை ஸ்டாண்ட் போட்டபின் ஒரு கையால் வண்டியைத் தள்ளிப் பார்க்காமல் நான் நகர்வதில்லை.

தேய்ந்த டயர்

மழைத்துளி, உங்கள் கேள்விக்கு என் கதை நேர் எதிர்ப்பக்கம். நான் முன்பக்கத்தை மட்டும் இறக்கினேன். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களை 20 மி.மீ. மேலே ஏற்றி மறுபடி முறுக்கினால் வேலை முடிந்தது, வண்டியின் முன்பக்கம் தாழ்ந்துவிடும். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் நாள் எனக்குப் பெருமையாக இருந்தது, நினைத்த இடத்தில் சட்டென்று திரும்பியது.

நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் பாலத்தின் இணைப்பு மேட்டில் ஏறி இறங்கியதும் ஹேண்டில் இரண்டு பக்கமும் அடிக்க ஆரம்பித்தது. கைப்பிடியின் நுனி எனக்கு இரண்டாகத் தெரிந்தது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிகமானது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் மெதுவாக விட்டேன், தானாக அடங்கியது. ஓரமாக நிறுத்தி இறங்கினால் முழங்கால் நிற்கவில்லை. அன்று மாலையே குழாய்களைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டேன்.

இரும்புக்குதிரை

இதையெல்லாம் படித்தால் கோபம்தான் வருகிறது. சஸ்பென்ஷனில் கை வைக்கவே கூடாது. எனக்கும் கால் முழுதாக எட்டாது, ஒரு காலின் முன்பாதம் மட்டும்தான் படும். ஒரே ஒரு தடவை சிக்னலில் கால் வைத்த இடத்தில் சிறு பள்ளம் இருந்தது, வண்டியோடு விழுந்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

அதன் பிறகு பழகிக்கொண்டேன். நிறுத்தும் முன்பே சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து உட்காருங்கள், ஒரு கால் முழுதாகப் பதியும். கால் வைக்கும் இடத்தை நிற்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மேடான பக்கத்தில் கால் வையுங்கள். சீட்டின் ஸ்பஞ்சை, உயரத்தைவிட முக்கியமாக அதன் முன்பக்க அகலத்தை, செதுக்கச் சொல்லுங்கள். தொடை விரிவது குறைந்தாலே கால் கீழே இறங்கும். தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ் போடுங்கள். இத்தனையும் செய்து பார்த்தும் முடியவில்லை என்றால் அந்த பைக் உங்களுக்கு ஏற்றதல்ல, வேறு வாங்குங்கள். ப்ரீலோடைக் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை) குறைத்தாலே இறங்கிவிடும் என்றும் சிலர் சொல்வார்கள். அதை மட்டும் வேண்டுமானால் செய்து பாருங்கள்.

கருங்கல் சாலை

இரும்புக்குதிரை அண்ணா, சீட்டைப் பற்றிச் சொன்னது சரி. வேறு பைக் வாங்கு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மழைத்துளி அதைக் கேட்கவே இல்லை. ப்ரீலோடைக் குறைக்கச் சொன்னது அதைவிடத் தவறு. ப்ரீலோடைக் குறைத்தால் வண்டி தாழ்வது உண்மைதான், ஆனால் உட்கார்ந்ததுமே ஷாக் அப்சார்பரின் ஓட்டத்தில், அதாவது அது அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில், பெரும்பங்கு தீர்ந்துவிடும். ஆள் ஏறியதும் ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அமுங்க வேண்டும். அதைத் தாண்டினால் பள்ளத்தில் விழும்போது அமுங்குவதற்கு மிச்சமே இருக்காது, அடி நேராக முதுகெலும்புக்கு வரும். எனக்கு வந்தது.

மழைத்துளி, உங்களுக்கு நடந்தது உங்கள் தவறு இல்லை. கணக்கைப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் இடைத்தூரம் 1400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 30 மி.மீ. தாழ்ந்தால் வண்டி முழுவதும் ஏறக்குறைய 1.2 பாகை பின்னால் சாய்கிறது. ஃபோர்க்கும் அதே அளவு படுத்துவிடுகிறது, டிரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும், அதற்குப் பின்னால் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) கூடுகிறது. நேர்சாலையில் அது நிதானமாகத் தெரியும், வளைவில் திரும்ப மறுக்கும். எடையும் கொஞ்சம் பின்னுக்குப் போய்விடுகிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் படுத்துவிடுவதால் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது பின்பக்கம் முன்பைவிட அதிகம் அமுங்கும், வளைவின் கடைசியில் வண்டி வெளியே ஓடும். தேய்ந்த டயருக்கு நடந்தது இதன் மறுபக்கம்: அவருக்கு டிரெயில் குறைந்தது, ஹேண்டில் நடுங்கியது.

ஆகவே முன்பக்கத்தையும் ஏறக்குறைய அதே அளவு இறக்குங்கள். ஆனால் ஒரே மூச்சில் 30 வேண்டாம். ஃபோர்க்கின் ஓட்டம் குறைவதில்லை, சக்கரத்துக்கு மேலே இருக்கும் இடைவெளிதான் குறைகிறது. முழுதாக அமுங்கும்போது மட்கார்டு கீழ்க் கிளாம்பிலோ ரேடியேட்டரிலோ இடிக்கிறதா என்று பார்க்காமல் சாலையில் இறங்காதீர்கள். பின்சக்கரம் உள் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள். லிங்க் மாற்றியதும் செயின் தொய்வை மறுபடி அளக்க வேண்டும்.

ஹெட்லைட்டை யாரும் சொல்லவில்லையே! அதே 1.2 பாகைக்கு, 50 மீட்டர் தூரத்தில் ஒளி ஒரு மீட்டர் மேலே ஏறிவிடும். எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். தயவுசெய்து திருகி இறக்கிவிடுங்கள்.

சாயங்காலம்

நான் முன், பின் இரண்டையும் 35 மி.மீ. சமமாக இறக்கியவன். கருங்கல் சாலை சொன்ன எல்லாமே செய்தேன். வண்டி அழகாகத் திரும்பியது. அதனால்தான் விழுந்தேன்.

ஃபுட்ரெஸ்ட் உரசினால் பயமில்லை, அது மடங்கும், எச்சரிக்கும். என் பைக்கில் முதலில் தரையைத் தொட்டது சென்டர் ஸ்டாண்டின் கால். அது மடங்காது. வளைவின் நடுவே ஒரு சிறு மேடு, பின்பக்கம் அமுங்கியது, கீழே 'கர்ர்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடி பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கப்பட்டுவிட்டது. ஸ்டாண்டே நெம்புகோலாகிவிட்டது. வண்டி என்னை விட்டுவிட்டுத் தனியாகச் சறுக்கிக்கொண்டு போவதைப் படுத்துக்கொண்டே பார்த்தேன். தோள்பட்டை எலும்பு விரிசல். அந்தச் சத்தம் தூக்கத்தில் இன்னும் கேட்கிறது.

பின்பக்கமும் முன்பக்கமும் சமமாக இருந்தால் போதும் என்று இங்கே எழுதியிருப்பதைப் பார்த்ததும்தான் இதை எழுதத் தோன்றியது. எவ்வளவு சாயலாம் என்பது குறைந்துவிடுகிறது, அதை எந்தச் சமநிலையும் திருப்பித் தராது.

கருங்கல் சாலை

'போதும்' என்று நான் எழுதவில்லை, சகோதரரே. ஆனால் சென்டர் ஸ்டாண்டைச் சொல்லாமல் விட்டது என் பிழைதான். தோள் இப்போது எப்படி இருக்கிறது?

மழைத்துளி

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு சிநேகிதியின் உதவியோடு ஃபோர்க்கை முதலில் 10, பிறகு 15 மி.மீ. ஏற்றினோம். காலி மைதானத்தில் எட்டு போட்டுப் பார்த்தேன். 15இல் ஹேண்டிலில் அந்தக் கனம் போய்விட்டது. அதற்கு மேல் ஏற்றினால் மட்கார்டுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையாது என்று தோன்றியதால் அங்கேயே நிறுத்திவிட்டேன். பின்பக்கம் 30 இறங்கியதில் பாதியைத் திரும்ப ஏற்றிவிட, சற்றுக் குட்டையான லிங்க்குக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஈடாக, இரும்புக்குதிரை அண்ணா சொன்னபடி சீட்டின் முன்பக்கத்தை ஒடுக்கச் சொல்லிவிட்டேன். ஹெட்லைட்டை இறக்கியாயிற்று. என் பைக்கில் சென்டர் ஸ்டாண்ட் இல்லை, ஆனால் சைலன்சருக்குக் கீழே பெயின்ட் உரிந்த கோடு ஒன்று இருக்கிறது. முன்பு இருந்ததா என்று நினைவில்லை.

அந்த வளைவுக்கு இன்னும் போகவில்லை. லிங்க் வந்த பிறகு, விடியற்காலையில், லாரிகள் ஓடாத நேரத்தில் போகலாம் என்று இருக்கிறேன்.