நாலு உறுப்பை ஜோடி சேர்த்தால் அடைப்புக்குள் ஒன்றுபோல வரமாட்டேன் என்கிறது, உதவி தேவை

கோத்தகிரி டியூஷன்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காரணிப்படுத்துதல் (கோவையைப் பெருக்கலாக மாற்றி எழுதுவது) ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று கணக்கில் முட்டி நிற்கிறார்கள். எக்ஸ், ஒய் இடத்தில் க, ச என்று போட்டிருக்கிறேன், போனில் தட்ட அதுதான் சுலபம்.

1) 2க³ − 6க² − 5க + 15
2க²(க − 3) − 5(க + 3) என்று எழுதிவிட்டு, விடை (க − 3)(க + 3)(2க² − 5) என்கிறார்கள்.

2) 6கச + 10 − 4க − 15ச
முதல் இரண்டில் 2 வெளியே வருகிறது. அடுத்த இரண்டில் ஒன்றுமே வரவில்லை.

3) க³ + 2க² + 3க + 4
க²(க + 2) வரை போகிறது. பிறகு 3க + 4 அப்படியே நிற்கிறது.

கூடலூர் கணக்கு:
முதல் கணக்கில் குறிதான் கோளாறு. −5ஐ வெளியே எடுத்தால் இரண்டு உறுப்பையுமே −5ஆல் வகுக்கணும். −5க ÷ −5 = க, சரி. +15 ÷ −5 = −3. அங்கேதான் +3 என்று போட்டுவிடுகிறார்கள்.

2க²(க − 3) − 5(க − 3) = (க − 3)(2க² − 5)

இரண்டு அடைப்பும் வேறு வேறாக இருந்தால் அடுத்த வரிக்கே போகக் கூடாது. கிடைத்ததையெல்லாம் பெருக்கி எழுதுவது காரணிப்படுத்துதல் ஆகாது. அவர்கள் விடையில் படி (கவின் மிக உயர்ந்த அடுக்கு) 4, கேள்வியில் 3. அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்னொரு சோதனை: க = 2 போடச் சொல்லுங்கள். கேள்வி −3 தரும், சரியான விடையும் −3, அவர்கள் விடை −15. இதற்கு 0, 1 வேண்டாம். 0 போட்டால் மாறிலி மட்டும்தான் மிஞ்சும், 1 போட்டால் படியில் விட்ட தப்பு வெளியே தெரியாது.

2க²(க − 3) − 5(க − 3) என்பதோடு நிறுத்திவிடும் பிள்ளைகளும் உண்டு. அது இன்னும் கழித்தல்தான், பெருக்கல் ஆகவில்லை. மதிப்பெண் போய்விடும்.

கேத்தி தோட்டம்:
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். ஒரு செவ்வகக் கேரட் பாத்தியைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரப்பு போட்டு நாலாகப் பிரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள் (நம் சரிவில் செவ்வகப் பாத்தி எங்கே கிடைக்கிறது, கணக்குக்காகத்தான்). நீளம் க + 3, அகலம் ச + 2 என்றால் நாலு துண்டின் பரப்பு கச, 2க, 3ச, 6. மூலைக்கு மூலை பெருக்கினால் கச × 6 = 6கச, 2க × 3ச = 6கச. எப்போதும் சமமாகத்தான் வரும்.

ஆகவே ஜோடி சேர்க்கும் முன்பே எந்த இரண்டின் பெருக்கம் மற்ற இரண்டின் பெருக்கத்துக்குச் சமம் என்று குறியோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் கணக்கில் 6கச × 10 = 60கச, (−4க) × (−15ச) = 60கச. அப்படியானால் 6கசவும் 10உம் எதிர்மூலைகள், அவற்றை ஒன்றாகச் சேர்க்கவே கூடாது. பிள்ளைகள் சேர்த்தது அதைத்தான். இடம் மாற்றுங்கள்:

6கச − 4க − 15ச + 10
= 2க(3ச − 2) − 5(3ச − 2)
= (3ச − 2)(2க − 5)

மூன்றாவதில் க³ × 4 = 4க³, 2க² × 3க = 6க³. மற்ற ஜோடிகளும் ஒத்துவரவில்லை. கடைசி எண் 4ஐ வகுக்கும் ±1, ±2, ±4 எதைப் போட்டாலும் பூச்சியம் வராததால் முழு எண் கெழுக்களோடு காரணியே கிடையாது. கடைசி எண் 6ஆக இருந்தால் (க + 2)(க² + 3) என்று வந்துவிடும். கேள்வித்தாளை ஒருமுறை பாருங்களேன்.

கோத்தகிரி டியூஷன்:
செராக்ஸ் மங்கல், 6தான் போலிருக்கிறது. நன்றி சார். க(ச − 4) + 7(4 − ச) மாதிரி வந்தால் என்ன செய்வது? 6க² + க − 12க்கும் இதே வழிதானா?

கூடலூர் கணக்கு:
4 − ச என்பது −(ச − 4). எனவே க(ச − 4) − 7(ச − 4) = (ச − 4)(க − 7). நடுவில் கூட்டல் இருந்தால் திருப்பவே வேண்டாம், 4 + சவும் ச + 4உம் ஒன்றுதான்.

6க² + க − 12இல் நடு உறுப்பைப் பிரிப்பதும் அந்த மூலைப் பெருக்கம்தான். 6 × (−12) = −72. பெருக்கினால் −72, கூட்டினால் +1 வரும் எண்கள் 9, −8.

6க² + 9க − 8க − 12 = 3க(2க + 3) − 4(2க + 3) = (2க + 3)(3க − 4)

−8கவை முன்னால் போட்டாலும் விடை மாறாது.

குன்னூர் பத்தாம் வகுப்பு:
க² + 6க + 9 − ச². மூலைப் பெருக்கம் எப்படிப் பார்த்தாலும் சமமாக வரவில்லை, ஆனால் விடைப் பக்கத்தில் காரணி கொடுத்திருக்கிறார்கள்?

கேத்தி தோட்டம்:
இது இரண்டு இரண்டாகப் பிரிகிற வகை இல்லை, மூன்றும் ஒன்றும். சமமாக வந்தால் ஜோடி சேர்க்கலாம் என்று உறுதி. வரவில்லை என்றால் ஜோடி வழி மட்டும்தான் மூடுகிறது. அப்போது முழு வர்க்கம் ஒளிந்திருக்கிறதா என்று தேடணும்: (க + 3)² − ச² = (க + 3 + ச)(க + 3 − ச).