ஞாயிறு ஆராதனைக்குப் போகிறோம், ஓய்வுநாளை ஆசரிக்கிறோமா?

கேள்வி: செந்தூலிலிருந்து ஒரு சகோதரி

அனைவருக்கும் என் அன்பின் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ச் சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. நானும் என் கணவரும் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் போகிறோம். சனிக்கிழமை பிள்ளைகளின் டியூஷனிலும் சந்தையிலும் துணி துவைப்பதிலும் கழிந்துவிடுகிறது. ஞாயிறு காலை பாடகர் குழுப் பயிற்சி, பிறகு ஆராதனை, ஞாயிறு பள்ளி, மதிய உணவு முடிந்ததும் ஏதாவது ஒரு குழுக் கூட்டம். வீடு வந்து சேர மூன்று மணி ஆகிவிடும். அதற்குள் மறுநாளைக்கு வேண்டிய கோப்பைக் கேட்டு மேலாளர் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருப்பார். கணவர் மாலையில் இ-ஹெய்லிங் (செயலிவழி வாடகைக் கார்) ஓட்டப் புறப்படுவார்; நான் பள்ளிச் சீருடைகளைத் தேய்க்க உட்காருவேன்.

களவு செய்யாதே என்ற கட்டளையை நாம் எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறோம்! அதே பத்துக் கட்டளைகளில் ஒன்றான ஓய்வுநாள் கட்டளையை மட்டும் ஆராதனைக்குப் போய்வருவதோடு நிறைவேற்றிவிட்டதாக நினைக்கிறோமே, அது சரிதானா? சபைப் பணியும் வேலைதானா? உண்மையில் எதை நிறுத்த வேண்டும்? உடல்நலத்துக்கான ஆலோசனையை நான் கேட்கவில்லை. வேதம் என்ன எதிர்பார்க்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: பெட்டாலிங் ஜெயா, வேதபாட வகுப்பு நடத்தும் மூத்த சகோதரர்

சகோதரிக்கு ஸ்தோத்திரம். கட்டளை யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை முதலில் பார்ப்போம். யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளில் ‘நீ’ வேலை செய்யாதே என்பதோடு குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசல்களில் இருக்கிற அந்நியன் என்று ஒரு வரிசை வருகிறது. வீட்டுத் தலைவன் ஏவினால் மறுக்க முடியாமல் வேலை செய்ய வேண்டியவர்கள் இவர்கள் அனைவரும். ஆகவே, பிறரை வேலை வாங்கும் நிலையில் இருப்பவனிடம்தான் தேவன் முதலாவதாகப் பேசுகிறார். உபாகமம் 5-ஆம் அதிகாரம் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும், ஏனெனில் நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய். ஆராதனைக்குப் போக அனுமதி கேட்ட ஜனங்களைச் சோம்பேறிகள் என்று ஏசி, வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்று பார்வோன் உத்தரவிட்டானே, அந்தச் சூளையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை இது.

அந்த வரிசையில் மனைவி தனியாகச் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நீ’ என்பதில் அவளும் அடக்கம் என்று கொள்வதே பொருத்தம். அப்படியானால் கணவனுக்குரிய ஓய்வு குறைவில்லாமல் அவளுக்கும் உரியது. ஆண்கள் உண்டு உறங்கும் ஞாயிறு மதியத்தில் பெண்கள் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தால், அந்த வீட்டில் பாதிப்பேர் இன்னும் எகிப்தில்தான் இருக்கிறார்கள். சமைக்காமல் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறோம் என்றாலும், இலை போட்டுத் தண்ணீர் ஊற்றும் அந்த வெளிநாட்டுத் தொழிலாளிதான் நம் வாசல்களில் இருக்கிற அந்நியன். அவருக்கு எந்த நாளில் விடுப்பு என்று ஒரு முறையாவது கேளுங்கள்.

சபைப் பணியைப் பொறுத்தவரை, தேவாலயத்தில் ஆசாரியர்கள் ஓய்வுநாளில் வேலை செய்தும் குற்றமற்றவர்களாக இருந்தார்கள் என்று இயேசுவே மத்தேயு 12-இல் சொல்கிறார். எனவே நீங்கள் பாடுவதும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் தொண்டு. ஆனால் வரவு செலவுக் கணக்கையும் விருந்து ஏற்பாட்டையும் பேசும் கூட்டத்தை அதே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காலாண்டுக்கு ஒரு நாள் போதும்.

வனாந்தரத்தில் தேவன் தந்த உணவாகிய மன்னா ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்தது. சுடவேண்டியதைச் சுட்டும் வேவிக்கவேண்டியதை வேவித்தும் வைத்துக்கொள்ளும்படி மோசே அன்றே சொல்லிவிட்டார். ஓய்வு என்பது முந்தின நாளின் ஆயத்தத்தில் தொடங்குகிறது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலையே மீன் குழம்பு வைத்துவிடுவோம். மறுநாள்தான் அது ருசியாக இருக்கும். ஞாயிறன்று சோறு வடிப்பதோடு சரி. பாத்திரங்களை நானும் மகனும் கழுவிவிடுவோம்.

மறுமொழி 2: பட்டர்வொர்த், ஆசிரியை

ஐயா எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். எந்த நாள் என்பது குறித்து மட்டும் சிறிது சேர்க்க விரும்புகிறேன். நான் பினாங்கு மாநிலத்தில் குடியிருந்து, எல்லை தாண்டிச் சுங்கை பட்டாணியில் பாடம் நடத்துகிறேன். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறன்று காலையில் மற்றவர்கள் ஆலயத்துக்குப் புறப்படும் நேரத்தில் நான் வகுப்பறையில் நிற்பேன். என் பிள்ளைகளுக்கோ ஞாயிறுதான் விடுமுறை.

தொடக்கத்தில் இது எனக்குப் பெரிய மன வேதனையாக இருந்தது. பிறகு திருச்சபை வரலாற்றைப் படித்தபோது, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவிக்கும்வரை, ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் விசுவாசிகளுக்கு அது வேலை நாளாகவே இருந்தது என்று அறிந்தேன். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி அவர்கள் கிறிஸ்துவைப் பாடினார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளினி என்ற ஆளுநர் பேரரசருக்கு எழுதியிருக்கிறார். பாடி முடித்து அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள். நான் இப்போது ஞாயிறு மாலை ஆராதனைக்குச் செல்கிறேன். வேலையை நிறுத்தும் நாளாக வெள்ளியை வைத்திருக்கிறேன். விடைத்தாள் கட்டு வியாழன் மாலையே அலமாரிக்குள் போய்விடும், சனிக்கிழமை காலைவரை வெளியே வராது. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான் என்று ரோமர் 14-இல் பவுல் எழுதுவது எனக்கு ஆறுதல். ஆனால் எல்லா நாட்களையும் வேலைக்கே கொடுத்துவிட்டு அந்த வசனத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

மறுமொழி 3: பாயான் லெப்பாஸ், தொழிற்சாலை மேற்பார்வையாளர்

ஷிப்ட் அட்டவணை தயாரிப்பவன் என்ற முறையில், முதல் மறுமொழி என் மேசைக்கே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு வாரத்துக்கு ஒரு முழு நாள் ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. ஷிப்ட் தொழிலாளர்களுக்கு அது தொடர்ச்சியாக 30 மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியாக அமையலாம். 2023 ஜனவரி முதல் வார வேலை நேரமும் 48-லிருந்து 45 மணியாகக் குறைந்துள்ளது. ஆனால் எந்த நாள் என்பதை முதலாளி தரப்புதான் தீர்மானிக்கிறது. அதாவது, என்னைப் போன்ற ஒருவர் கையில் இருக்கிறது. ஞாயிறு வேண்டும் என்று கேட்கும் கிறிஸ்தவருக்கு மட்டும் அதை ஒதுக்கிவிட்டு, வெள்ளித் தொழுகைக்கு நேரம் கேட்பவரையும் தைப்பூசத்துக்கு விடுப்பு கேட்பவரையும் முகம் சுளித்துப் பார்த்தால், ஓய்வுநாளைப் பற்றிய நான்காம் கட்டளையை நான் புரிந்துகொள்ளவே இல்லை என்றுதான் பொருள். விடுப்பில் இருப்பவரின் கைப்பேசிக்கு வேலை சம்பந்தமாக நான் எதுவும் அனுப்புவதில்லை. இயந்திரம் நின்றுபோனாலும் பணியில் இருப்பவரைத்தான் அழைப்பேன்.

சகோதரி, நெகிழ்வான வேலை ஏற்பாடு கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்க இப்போது சட்டத்தில் இடமுண்டு; 60 நாட்களுக்குள் முதலாளி பதில் தர வேண்டும். ஞாயிறு மாலைச் செய்திகளைப் பற்றி மேலாளரிடம் நேரடியாகவே மரியாதையோடு பேசிப் பாருங்கள்.

மறுமொழி 4: ஜார்ஜ்டவுன், கத்தோலிக்க வாசகர்

பத்துக் கட்டளைகளை நாங்கள் எண்ணும் வரிசையில் ஓய்வுநாள் கட்டளை மூன்றாவது. ஞாயிறு திருப்பலிக் கடமையைச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலும் நிறைவேற்றலாம் என்பதால், பலர் அங்கேயே கடமை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் வழிபாட்டுக்கும் அந்த நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும் தேவையான இளைப்பாறுதலுக்கும் தடையான வேலைகளைத் தவிர்க்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் அதே இடத்தில் சொல்கிறது. அந்த இரண்டாம் பகுதியை மறையுரைகளில் இன்னும் அதிகமாகக் கேட்க விரும்புகிறேன்.

கேள்வி கேட்ட சகோதரி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குழுக் கூட்டத்தைப் பற்றி எங்கள் போதகரிடம் பேசப்போகிறேன். சமையல் ஏற்பாட்டை இந்தச் சனிக்கிழமையே மாற்றுகிறோம். ஆனால் ஒன்று மீதமிருக்கிறது: ஞாயிறு மாலை ஓட்டும் பணத்தில்தான் வீட்டுக் கடன் தவணை கட்டுகிறோம். கணவரிடம் எந்த முகத்தோடு நிறுத்தச் சொல்வேன்?

மறுமொழி: பெட்டாலிங் ஜெயா

நிறுத்தச் சொல்லாதீர்கள், அம்மா. ஓய்வுநாளில் பசியினால் கதிர்களைக் கொய்த சீஷர்களை இயேசு கண்டிக்கவில்லை. குற்றம் சாட்டியவர்களிடம்தான் ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்றார். உங்கள் கணவருக்கு வாரத்தில் வேறு ஒரு மாலையாவது முழுவதுமாகக் கிடைக்க வழி உண்டா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். சனிக்கிழமை டியூஷனில் ஒரு பாடத்தையாவது சபையில் உள்ள ஆசிரியர் எவரேனும் இலவசமாக எடுக்க முன்வந்தால், அந்தக் கட்டணம் தவணைக்கு உதவும். இதைப் போதகரிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒரு குடும்பத்தின் தவணை அதன் ஓய்வை விழுங்கும்போது அதைச் சுமக்கக் கைகொடுப்பது சபையின் கடமை. கூட்டத்தைப் பற்றிப் பேசப் போகும் அன்றே இதையும் பேசிவிடுங்கள்.