ஹிங்கோலிக்கு 2,600 கோடி, வள்ளவிளைக்கு எத்தனை?

வள்ளவிளைக்காரன்:
மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் ஈர்ப்பு அலையை, அதாவது விண்வெளியையே சுருக்கி விரிக்கும் அதிர்வை, அளக்கும் ஆய்வகம் கட்ட 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் கருந்துளைகள் மோதிய அதிர்வை 2015இல் அமெரிக்காவில் இதே மாதிரி ஆய்வகத்தில் பிடித்ததற்கு 2017 அக்டோபரில் நோபல் அறிவித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் கிடந்த எங்கள் குமரி மாவட்டப் படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. எதற்கு மதிப்பு என்று இதிலேயே தெரியவில்லையா?

தக்கலை டீச்சர்:
அண்ணாச்சி, ஒக்கியை யார் மறந்தார்கள்? ஆனால் ஹிங்கோலியை நிறுத்தினால் அந்தப் பணம், கடலரிப்பைத் தடுக்கக் கல் போட்டுக் கட்டும் நம் ஊர்த் தூண்டில் வளைவுக்கு வந்து சேருமா? இங்கே கல் போடாததற்கு ஆய்வகமா காரணம்?

சந்தேகி, நாகர்கோவில்:
பணத்தை விடுங்கள், அலையைப் பிடித்தார்கள் என்பதையே நான் நம்பவில்லை. 1969இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் வெபரும் அலுமினிய உருளைகளை வைத்து அலையைக் கண்டுவிட்டதாகச் சொன்னார். மற்றவர்கள் செய்து பார்த்தபோது ஒன்றும் சிக்கவில்லை. இப்போது 4 கி.மீ. குழாயில் புரோட்டானின் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைவாம். லாரி போனாலே அதைவிட ஆடுமே!

தக்கலை டீச்சர்:
ஆடும். அதனால்தான் அமெரிக்காவில் லிவிங்ஸ்டனில் ஒரு கருவி, 3,000 கி.மீ. தள்ளி ஹான்ஃபோர்டில் இன்னொன்று. ஒரே லாரி இரண்டு ஊரிலும் ஓடாது. 2015 செப்டம்பர் 14 அன்று அந்தக் கருந்துளை மோதல் இரண்டிலும் ஒரே வடிவத்தில் பதிவு, இடைவெளி 7 மில்லிவினாடி. ஈர்ப்பு அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும்; ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க 10 மில்லிவினாடி ஆகும், கணக்கு அதற்குள் அடங்குகிறது. 2017 ஆகஸ்ட் 17இல் நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அலை பதிவானபோது, 1.7 வினாடி கழித்து ஃபெர்மி விண்கலம் காமா கதிரைத் தனியே பதிவுசெய்தது. அதுவும் லாரியா?

சந்தேகி, நாகர்கோவில்:
காமா கதிர் சரி. 2015 அலைக்கு அப்படி வேறு சாட்சி இல்லையே.

குளச்சல் தம்பி:
நம் மாவட்டத்திலேயே கட்டியிருந்தால் நாலு பேருக்கு வேலையாவது கிடைத்திருக்கும். முட்டத்தில் இல்லாத பாறையா?

தக்கலை டீச்சர்:
தம்பி, பாறை இருந்து என்ன, கடல் சும்மா இருக்குமா? அலை அடிக்க அடிக்கத் தரை நடுங்கிக்கொண்டேயிருக்கும். மெக்சிகோ வளைகுடாவின் அலையே லிவிங்ஸ்டனுக்குத் தொல்லை. நமக்குக் கள்ளக்கடல் வேறு.

வள்ளவிளைக்காரன்:
கள்ளக்கடலை நீங்களே எடுத்தீர்கள், டீச்சர். எங்கோ தென்கடலில் புயல் அடிக்கிறது, இங்கே காற்றே இல்லாத நாளில் அடுப்படிக்குள் தண்ணீர் ஏறுகிறது. இப்போதெல்லாம் எச்சரிக்கை வருகிறது, கல்தான் வருவதில்லை. அதற்கு எத்தனை கோடி ஆகும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், பிறகு ஹிங்கோலியைப் பேசலாம்.