ஒன்றரை லட்ச ரூபாய் லேப்டாப் ஜக்கார்டு டிசைன் வேலைக்கு ஒத்துவருமா?

தறிக்கட்டம் (இளம்பிள்ளை):

எல்லோருக்கும் வணக்கம். நான் சேலம் பக்கம் இளம்பிள்ளையில் சேலைகளுக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக இதுதான் தொழில். என் பழைய லேப்டாப்பின் கீல் உடைந்துவிட்டது. திரையை ஒரு பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்துத்தான் வேலை ஓடுகிறது. ஆடி பிறந்தால் தீபாவளி ஆர்டர்கள் வரத் தொடங்கிவிடும், அதற்குள் புதிது வாங்கியாக வேண்டும்.

சித்தி மகன் பெங்களூரில் ஐடி வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தபோது புதிதாக வாங்கிய லேப்டாப்பைக் கொண்டுவந்தான். 14 அங்குலம், 2880 × 1800 ஓலெட் திரை, 32 ஜிபி ராம், தூக்கினால் நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கிறது. விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். கம்பெனி பெயர் வேண்டாம். 'தொழில்முறைப் பயனாளர்களுக்காக' என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். "அக்கா, நீயும் இதையே வாங்கிக்கோ, அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லை" என்று சொல்லி, பத்து நாள் என்னிடமே விட்டுவிட்டுப் போனான். அந்தப் பத்து நாளில் நடந்ததை வைத்துத்தான் கேட்கிறேன்.

தறி பழக்கம் இல்லாதவர்களுக்கு முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஜக்கார்டு டிசைன் பார்க்கப் படம் போல இருக்கும், ஆனால் அது படம் இல்லை. தறிக்கு மேலே பாவு நூலை (நீளவாக்கில் ஓடும் நூல்) தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கி என்றால், டிசைனில் குறுக்கே 240 கட்டம். ஒவ்வொரு வரிசையும் ஓர் ஊடை (குறுக்கே ஓடும் நூல்), அதற்கு ஓர் அட்டை. கட்டத்தில் புள்ளி இருந்தால் அட்டையில் ஓட்டை விழும், அந்த இடத்துப் பாவு நூல் தூக்கும். புள்ளி இல்லாவிட்டால் தூக்காது. அப்பா காலத்தில் கிராஃப் தாளில் சிவப்பு மையால் கட்டம் கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். நான் அதையே திரையில் செய்கிறேன். அட்டைக்குப் பதில் பென் டிரைவ் தறிக்குப் போகிறது.

இதில் என் கண் அதிகம் தேடுவது ஒற்றைப் புள்ளிகளை. பூவுக்குள் ஜரிகை நீளமாக ஓடும் இடங்களில், நடுநடுவே ஒரே ஒரு கட்டத்தில் புள்ளி வைத்துப் பிடிப்புக் கொடுப்போம். அது விட்டுப்போனால் ஜரிகை மேலே மிதக்கும். சேலை கட்டுபவரின் வளையலிலோ மெட்டியிலோ மாட்டினால் ஒரே இழுப்பில் பூ போய்விடும்.

புது லேப்டாப்பில் என் சாஃப்ட்வேரைத் திறந்தேன். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி எல்லாம் மங்கல். தம்பி போட்டுக் காட்டிய வீடியோ அவ்வளவு துல்லியமாக இருந்தது, என் கட்டங்களுக்கு மட்டும் விளிம்பே இல்லை. பெரிதாக்கினால் புள்ளி தெரியத்தான் செய்தது. ஆனால் முந்தி முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கும்போதுதான் பூ சாய்ந்திருக்கிறதா, கொடி நெளிவு சரியா என்று முடிவு செய்ய முடியும். அந்த அளவில் ஒற்றைப் புள்ளிகள் சாம்பல் பூத்துப் பக்கத்துக் கட்டத்தோடு கரைந்துவிட்டன.

ஆறாம் நாள் ராத்திரி, மாங்காய் புட்டா (மாங்காய் வடிவப் பூ) போட்ட ஒரு முந்தியில் மாங்காயைக் கொஞ்சம் ஒடுக்கச் சொல்லிப் போன் வந்தது. ஒடுக்கினேன், சேமித்தேன், காலையில் பென் டிரைவைக் கொடுத்தனுப்பினேன். இப்படிப் பிடிப்பில்லாமல் மிதக்கும் இழைகளைக் கண்டுபிடிக்க, மிதவை எண்ணும் கருவி சாஃப்ட்வேரிலேயே இருக்கிறது. அதை அன்று நான் ஓட்டாதது என் தவறு. ஒரு மாங்காயின் வயிற்றில் 26 இழைக்குப் பிடிப்பே இல்லை. முக்கால் அடி நெய்த பிறகு நெசவாளர் விரலால் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். ஊடையைப் பிரித்து மறுபடி நெய்தார்கள். அரை நாள் கூலியை நான் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை.

இன்னொன்று, அதில் இருப்பது இரண்டே டைப்-சி துளை. ஒன்றில் சார்ஜர். மற்றதில் ஹப் மாட்டி, அதில் சாஃப்ட்வேர் டாங்கிள் (இதை மாட்டினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும்), மவுஸ், பென் டிரைவ் மூன்றும். கை பட்டு ஹப் அசைந்தால் போதும், டாங்கிள் காணோம் என்று சாஃப்ட்வேர் மூடிக்கொள்கிறது.

பணம் சேர்த்து வைத்திருக்கிறேன், செலவழிக்கத் தயங்கவில்லை. இவ்வளவு விலையுள்ள பொருள் என் வேலைக்கு ஏன் ஒத்துவரவில்லை என்று புரிந்தால்தான் அடுத்ததைச் சரியாக வாங்க முடியும்.

ஐந்துரோடு ஆல்பம்:

அக்கா, நான் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறவன். என் அனுபவம் இதற்கு நேர் எதிர். என் வேலைக்கு விலை கூடின மெஷின் முழுக்க ஒத்துவருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் கேமராவில் 10 பிட் 4:2:2 என்று ஒரு வகையில் பதிவு செய்வோம். நிறம் திருத்த இடம் நிறைய இருக்கும், ஆனால் பல லேப்டாப்பில் ஓட்டினால் திக்கித் திக்கி வரும். என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இதற்கு நேரடி வசதி வந்தது. ஆப்பிள் எம் வரிசைச் சிப்பில் தொடக்கத்திலிருந்தே நன்றாக ஓடும். சார்ஜரைப் பிடுங்கினாலும் வேகம் குறையாது. மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை எனக்கு அது பெரிய விஷயம். ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் பக்கம் கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் முடித்துக் கிளம்பினால், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் பின்சீட்டில் கேமரா கார்டு முழுக்க லேப்டாப்பில் காப்பி ஆகிவிடும்.

ஆனால் இதே ஆப்பிள் கம்பெனியின் லேப்டாப்பில், 2016-இல் வந்த மேக்புக் ப்ரோவில், எஸ்டி கார்டு துளையை எடுத்துவிட்டார்கள், எச்டிஎம்ஐயை எடுத்துவிட்டார்கள். பெயரில் 'ப்ரோ' இருந்தது, எங்கள் பையில் நாலு அடாப்டர் இருந்தது. 2021-இல்தான் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கினோம். நீங்கள் சொல்வதைப் படிக்கும்போது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும் ஓடுவதென்றால் மேக் பக்கம் வராதீர்கள். 2020 நவம்பரில் வந்த எம்1 தொடங்கி எம் வரிசைச் சிப் உள்ள மேக்கில் பூட் கேம்ப் என்ற வசதி கிடையாது, நேரடியாக விண்டோஸ் போட முடியாது.

ஒரு சந்தேகம்: நிறம் எப்படி இருந்தது? ஓலெட்டில் நிறம் அருமையாக வருமே, உங்களுக்கு அது உதவவில்லையா?

தறிக்கட்டம் (இளம்பிள்ளை):

தம்பி, நல்ல கேள்வி. டிசைன் கோப்பில் நான் போடும் நிறம் வெறும் அடையாளம்தான். சிவப்பு என்றால் ஜரிகை, பச்சை என்றால் இரண்டாம் ஊடை, அவ்வளவே. ஒரு கோப்பில் ஆறேழு நிறத்துக்கு மேல் இருக்காது. உண்மையான நிறத்தை நூல் ஷேடு கார்டை வெயிலில் பிடித்துத்தான் முடிவு செய்வோம். அரக்கையும் மாம்பழ மஞ்சளையும் திரையில் காட்டி ஒப்புதல் வாங்கினால், சாயப்பட்டறையிலிருந்து வரும்போது சண்டைதான்.

மயில்கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்பு திரும்பும்போது நீலம் பச்சையாக மாறும். அந்த மாற்றம்தான் அந்த நிறமே. எந்தத் திரையும் அதைக் காட்டிவிடாது, துணியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்க வேண்டும். அதனால் ஓலெட்டுக்குக் கொடுக்கும் காசு என் வேலைக்குப் போய்ச் சேராது. உங்கள் ஆல்பத்துக்குச் சேரும், அதை நான் மறுக்கவே இல்லை.

சூரமங்கலம் கணக்கு:

நான் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். டாங்கிள் கதை எங்களுக்கும் உண்டு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை ஹப்பில் மாட்டி, கடைசித் தேதி அன்று சாயங்காலம் பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து செய்திருக்கிறேன். இப்போது லேப்டாப் வாங்கினால் சாதாரண யுஎஸ்பி துளை இரண்டும் நம்பர் பேடும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். 14 அங்குலத்தில் பெரும்பாலும் நம்பர் பேட் வராது, மேடம். நீங்களும் பார்த்து வாங்குங்கள்.

ஸ்க்ரூடிரைவர் (புது பஸ் ஸ்டாண்டு):

லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். மங்கலுக்குக் காரணம் சொல்கிறேன், திரையில் கோளாறு இல்லை.

14 அங்குலத்தில் 2880 × 1800 என்றால் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர். அதை அப்படியே விட்டால் எழுத்தே தெரியாது. அதனால் விண்டோஸ் எல்லாவற்றையும் 200 சதவீதம் போலப் பெரிதாக்கிக் காட்டும். புது சாஃப்ட்வேர் இதற்கேற்றபடி தன்னைத் தானே வரைந்துகொள்ளும். பழைய சாஃப்ட்வேருக்கு அது தெரியாது. அது சின்னதாக வரைந்ததை விண்டோஸ் போட்டோவைப் போல இழுத்துப் பெரிதாக்கிவிடும். இழுக்கும்போது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் சாம்பல் சேரும். உங்கள் ஒற்றைப் புள்ளி கரைந்தது அங்கேதான்.

சரிசெய்ய வழி உண்டு. சாஃப்ட்வேர் ஐகானில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதில் ஹை டிபிஐ அமைப்பை மாற்றும் பொத்தான். உள்ளே போய் 'அப்ளிகேஷன்' என்று தேர்ந்தெடுங்கள். கட்டம் கூர்மையாகிவிடும். ஆனால் மெனுவும் பட்டன்களும் எள்ளு அளவுக்குப் போய்விடும், நாள் முழுக்க அதில் வேலை பார்த்தால் தலைவலி வரும். உங்களுக்கு 1920 × 1200 திரையுள்ள 16 அங்குலம் போதும். இல்லை, 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு புள்ளி 0.27 மில்லிமீட்டர் வரும், பெரிதாக்கவே தேவையில்லை.

அப்புறம் முக்கியமான ஒன்று. 2024 ஜூனிலிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் கடையில் இருக்கின்றன. பேட்டரி பிரமாதமாக நிற்கும். பழைய சாஃப்ட்வேரும் பல ஓடும். ஆனால் டாங்கிளுக்கு டிரைவர் (அதை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன சாஃப்ட்வேர்) வேண்டும், அந்த டிரைவர் அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். சாதாரண டிரைவரை அது ஏற்காது. உங்கள் டாங்கிள் பழையது என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ளதை மட்டும் பாருங்கள்.

ராமையும் கேளுங்கள். இந்த மெல்லிய மாடல்களில் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட முடியாது. நான் சொல்வது ஒன்றுதான்: கடைக்குப் போகும்போது டாங்கிளையும் ஒரு டிசைன் கோப்பையும் கையில் கொண்டுபோங்கள்.

தறிக்கட்டம் (இளம்பிள்ளை):

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததைப் பதிந்துவிடுகிறேன், வேறு டிசைனர்கள் யாராவது தேடி வந்தால் உதவும்.

முதலில் சித்தி மகனின் லேப்டாப்பிலேயே அந்த டிபிஐ மாற்றத்தைச் செய்து பார்த்தேன். ஆவியைத் துடைத்த மாதிரி கட்டங்கள் பளிச்சென்று வந்தன. பட்டன்கள் எள்ளாகிவிட்டன, அதுவும் உண்மை. அந்த மாங்காயை மறுபடி திறந்தேன். புள்ளி இல்லாத அந்த வயிறு அப்பட்டமாகத் தெரிந்தது. ஐந்து நாள் முன்பு இது தெரிந்திருந்தால் அந்த முக்கால் அடியைப் பிரித்திருக்க வேண்டாம் என்று நினைத்தபோது கஷ்டமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சேலம் போய், ஐந்து ரோடு பக்கம் இரண்டு கடைகளில் டாங்கிளோடு நின்றேன். முதல் கடையில் சாஃப்ட்வேர் ஏற்றிப் பார்க்க விடமாட்டோம் என்றார்கள், வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது கடைக்காரர் காட்சிக்கு வைத்திருந்த மூன்றைத் திறந்து கொடுத்தார். மெல்லியது ஒன்று, எடை கூடின இரண்டு. மெல்லியதில் டாங்கிளை மாட்டச் சாதாரணத் துளையே இல்லை. மற்ற இரண்டிலும் நேராக மாட்டினேன், உடனே திறந்தது. மாங்காய் முந்தியை முழு அளவில் வைத்து, ஓர் அடி தள்ளி நின்று, ஒற்றைப் புள்ளிகளை எண்ணினேன். கடைக்காரர் நான் என்ன எண்ணுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் பாட்டி அம்மாப்பேட்டையில் தறி நெய்தவராம், மெட்டியில் சேலை மாட்டுவதை அவரே சொன்னார்.

எடுத்தது 16 அங்குலம், 1920 × 1200, பளபளப்பில்லாத திரை, இன்டெல் சிப், இரண்டு சாதாரண யுஎஸ்பி, நம்பர் பேட், ராம் கூட்ட ஒரு காலித் துளை. எடை இரண்டு கிலோவுக்குக் கிட்ட வருகிறது. எனக்குத் தூக்கிக்கொண்டு திரியும் வேலை இல்லை, மேசையிலிருந்து தறிக்கூடம் வரைதான். நான் ஒதுக்கி வைத்த பணத்தில் பாதிக்கும் கொஞ்சம் மேலே ஆனது. மிச்சத்தில் அண்ணன் சொன்ன 24 அங்குல மானிட்டரும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கினேன். மதியம் கரண்ட் போனாலும் கைவேலை நிற்காது.

தம்பியிடம் அவன் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். அவனுக்கு அது நல்ல பொருள்தான். நாளெல்லாம் எழுத்தைப் பார்ப்பவனுக்கு அந்தத் திரை கண்ணுக்குச் சுகம், டாங்கிள் என்ற ஒன்றையே அவன் தொட்டதில்லை. அதைச் சொன்னதும் சமாதானமானான்.

அதே முந்தி திங்கட்கிழமை மறுபடி தறி ஏறுகிறது. இந்த முறை மிதவை எண்ணும் கருவியையும் ஓட்டிவிட்டேன், எங்கும் 8 இழைக்கு மேல் மிதவை இல்லை. நெய்து இறக்கியதும் முந்தியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.